போர் தண்ணீரில் வாசனை

அக்டோபர் 14, திங்கள்

நான்காம் நாளாகத் தூறல். துணி காயவில்லை. காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன். லே-அவுட்டில் முதல் வீடு எங்களுடையது, அதனால் ஸ்டார்ட்டர் பெட்டி எங்கள் சுவரில். ஆறு வருடமாக இது என் வேலை. வந்தபோது ஒன்பது வீடு. இப்போது நாற்பதுக்கு மேல். சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டுக்கு ஒரு கக்கூஸ் குழி. எல்லாருக்கும் சேர்த்து போர்வெல் ஒன்றே ஒன்று.

முதல் குடத்தில் ஏதோ வாசனை. இவருக்கு பெங்களூர் ரயிலைப் பிடிக்கும் அவசரம். ஒன்றும் தெரியவில்லை என்றார்.

பேட்டைக் கடையில் வாங்க வேண்டியவை: காபித்தூள், கொசுவத்தி, பூண்டு.

அக். 15, செவ்வாய்

வாசனை போகவில்லை. எதிர்வீட்டு ரோசி வந்தாள். மகள் ஜெனிக்கு (நான்கு வயது) இரவெல்லாம் வயிற்றுப்போக்காம். கடையில் வாங்கித் தின்றதாக இருக்கும் என்றாள். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மாலை போர் பக்கம் போனேன். அதை ஒட்டி, லே-அவுட் சங்கத் தலைவர் முனிரத்தினம் வாடகைக்கு விடக் கட்டிய வீடு. போன மாதம்தான் குடி வந்தார்கள். அதன் குழி போரிலிருந்து இருபது தப்படி தூரம்தான். அடியில் சிமெண்ட் இல்லை, வெறும் மண். மழைத் தண்ணீர் புகுந்து விளிம்புவரை நிற்கிறது.

அந்தக் குழிக்கு ஆட்சேபணை இல்லை என்ற தாளில் என் கையெழுத்தும் உண்டு. படிக்காமல் போட்டது.

அக். 16, புதன்

தலைவர் வீட்டுக்குப் போய் வாசனையையும் குழியையும் சொன்னேன். சமையலறை மூலையில் நான்கு தண்ணீர் கேன். எப்போதிருந்து என்று கேட்டேன். போன மாதத்திலிருந்து என்றாள் அவர் மனைவி. அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம்:

"ஞாயித்துக்கெயம மிச்ச சைட்ட வெலைக்குப் பாக்க ஆளுங்க வராங்கம்மா. இத்தப் போயி ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காதீங்க."

பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தேன். நாளை இவர் பெங்களூரில் பரிசோதனைக்குக் கொடுப்பார்.

அக். 17, வியாழன்

பாட்டில் போயிற்று. ஜெனிக்குக் காய்ச்சல். இன்னும் இரண்டு வீட்டில் வயிற்றுப்போக்கு. தண்ணீரைக் கொதிக்க வை என்றேன் ரோசியிடம். "தண்ணியாலயாக்கா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். குழியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அக். 19, சனி

மதியம் இவர் போன் செய்தார். தண்ணீரில் மலக்கிருமி. குடிக்கவே கூடாதாம்.

ரோசி வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. விடியற்காலையே பிள்ளையைக் கோலார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டினேன். வீடு வீடாகச் சொன்னேன். சிலர் பயந்தார்கள். சிலர், அப்போ குளிப்பதற்கு என்ன வழி என்றார்கள்.

ரோசிக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன், கையெழுத்து உட்பட.

"செவ்வாக்கெயமையே சொல்லியிருக்கலாமேக்கா."

வைத்துவிட்டாள்.

அக். 20, ஞாயிறு

மழை விட்டது. மோட்டார் சத்தத்தில்தான் விழித்தேன். பூட்டு உடைந்து தரையில் கிடந்தது. தெருக்குழாயில் குடங்கள் வரிசையாக. நேற்று நான் சொல்லிவிட்டு வந்த பெண்களும் நின்றார்கள். தலைவர் பெட்டியருகே.

நேராகப் போய் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மேசைமேல் இருக்கிறது. இவர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியே இருபது பேராவது. கதவைத் தட்டுகிறார்கள்.

ஜெனி இன்னும் கண் திறக்கவில்லையாம்.