‘நல்லா இரிக்கி’ சொல்லாதவள்

இன்று காலை குசினியில் நின்று பென்சில் சீவினேன். சீவுகருவி எங்கேயோ போய்விட்டது, மரக்கறி வெட்டும் கத்தியால்தான் சீவினேன். சீவல் மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. பழியை உன்மேல் போட்டுவிட்டேன், நீதான் வந்து மறுக்கப்போவதில்லையே.

எழுபதுகளின் கடைசியில் நாம் ஒரே வகுப்பில் இருந்தோம். நீ பெரியபிள்ளை ஆனதும் உன் வாப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். என் வாப்பாவும் அப்படித்தான் நினைத்தார், உம்மா விடவில்லை. கணக்கைப் பற்றியோ சரித்திரத்தைப் பற்றியோ நீ என்னிடம் கேட்டதில்லை. சித்திரப் பாடத்தில் என்ன செய்தோம் என்று மட்டும் கேட்பாய். அஸர் தொழுகைக்குப் பிறகு உன் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் இருந்த கிடுகு வேலியருகே வந்து நிற்பாய். அடிமட்டம் இல்லாமல் நேர்கோடு, கையைத் தூக்காமல் வட்டம், பிறகு ஏதாவது ஒரு வீட்டுச் சாமான் என்று டீச்சர் தந்ததையெல்லாம் அப்படியே ஒப்பிப்பேன். கடையில் சாமான் சுற்றித் தந்த சரைத் தாள்களைப் பிரித்து, நீவி, அதில் இரண்டு பேரும் படம் கீறுவோம்.

நான் முதலில் கீறியது கிணற்றடி வாளி. கிடுகு இடுக்கால் நீட்டினேன். பள்ளிக்கூடம் போகிறவள் என்ற பெருமை எனக்கு. நீ வெகுநேரம் பார்த்தாய்.

“வாய வளைச்சிரிக்காய், அது சரி. அடிய மட்டும் ஏன்கா அடிமட்டம் வெச்சாப்போல நேராக் கீறின? வாளியக் கொஞ்சம் பாத்துட்டு வா.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. சில நாள் வேலிப் பக்கமே வரவில்லை. பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் குனிந்து பார்த்தேன். அடியும் வளைந்துதான் இருந்தது. அதன் பிறகு உன் படத்தில் பிழை பிடிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. ஒருநாள் உன் சட்டியின் நிழல் வெளிச்சம் வரும் பக்கமே விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். நீ சிரித்துக்கொண்டே அழிறப்பரைத் தேடினாய். ‘நல்லா இரிக்கி’ என்று யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் ஒரு தாள் தண்டம் என்று சட்டம் போட்டவளும் நீதான். சரியாக வந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும், வராதது ஒன்றை இடம் காட்டிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நம்மூரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அதனால் கல்யாணம் நம்மைப் பிரிக்கவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், நேரம் சுருங்கியது. ஆனாலும் கறிக்கிண்ணத்தோடு எப்போதாவது ஒரு தாளும் வேலி தாண்டி வந்தது.

பிறகு உனக்கு நோய் வந்தது. கல்முனை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் வீட்டோடு படுத்துவிட்டாய். பார்க்க வந்தவர்களெல்லாம் முகம் தெளிந்திருக்கிறது, சுகமாகிவிடும் என்றார்கள். நீ எல்லோருக்கும் தலையாட்டினாய். நான் வந்து உட்கார்ந்ததும் தலையணைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாய். தலைமாட்டில் இருந்த மருந்துக் கோப்பையைக் கீறியிருந்தாய். ஒரு கோடாவது நடுங்காமல் இல்லை. நல்லா இருக்கென்று சொல்லிவிடு என்று உன் உம்மா கண்ணால் கெஞ்சினார். என் நாக்கும் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அடி சரியா வளைஞ்சிரிக்கி,” என்றேன். “கோடெல்லாம் நடுங்குது.”

உன் உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“எல்லாரும் என்னப் பாக்காமலே கதைக்காங்க. நீதான் பாத்திரிக்காய்.”

ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதே கோட்டைத் திரும்பக் கீறினாய். அதுவும் நடுங்கியது. அதையும் சொன்னேன். அந்த மாரி முடியும் முன்னே நீ மௌத்தாகிவிட்டாய்.

நோயாளியைப் பார்க்கப் போனாலும் சரி, மகள் தைத்த சட்டையைக் காட்டினாலும் சரி, முதலில் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். கடுமையான பொம்புளை என்று பெயரும் வாங்கிவிட்டேன். இருக்கட்டும், அது நீ தந்தது.

இப்போதும் கீறுகிறேன். வீட்டில் எல்லோரும் ‘நல்லா இரிக்கி’ என்கிறார்கள். என்னைக் கட்டிய மாப்பிள்ளை தாளைப் பார்க்கும் முன்பே சொல்லிவிடுவார். அன்பில்தான் சொல்கிறார்கள், கோபிக்க முடியுமா? ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் தாளைத் திரும்ப வாங்கி நானே பார்க்கிறேன். இன்று கீறியது மேசையில் கிடக்கிறது. எங்கோ ஒன்று சரியில்லை என்று தெரிகிறது. எங்கே என்று சொல்லத்தான் நீ இல்லை.