பழைய குவார்ட்டர்ஸில் ஓர் ஊர்க்காரன்

வியாழன், இரவு. மழை விடவில்லை.

இடிக்கப் போகிற குவார்ட்டர்ஸை அளக்க இன்று மின்னி பே பக்கம் தனியாகப் போனேன். வாட்ச்மேனைக் காணவில்லை. பாழடைந்த கட்டடத்துக்குள் ஒருவன் ஜன்னல் திண்டில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். "கோன் ஹை பாய்?" என்று, யாரென்று கேட்டு அதட்டினேன். என் இந்தியைக் கேட்டுச் சிரித்தான்.

"அண்ணே, தமிழா? எந்த ஊரு?"

பயமெல்லாம் போய்விட்டது. இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து எல்லோரிடமும் இந்திதான். திண்டிவனம் என்றேன். அவன் செஞ்சியாம். தேங்காய் வெட்ட வந்தவனாம். அப்புறம் வாய் ஓயவில்லை எனக்கு. கராச்சர்மாவில் பேக்கரிக்குப் பின்னால் ரூம், தனியாகத்தான் இருக்கிறேன், மெயின்லேண்டில் மனைவி போனை எடுப்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட நாதியில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

மூடிக் கிடந்த கடைசி அறையை அளக்கப் போனபோதுதான் குறுக்கே வந்து நின்றான். "வேணாண்ணே, தரை இத்துப் போச்சு." சரியென்று திரும்பிவிட்டேன்.

சாயங்காலம், என்னை அளக்க அனுப்பிய காண்டிராக்டர் போன் செய்தார். வாட்ச்மேன் அந்த அறையில் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தாராம். வெட்டியவன் யாரென்று போலீஸுக்குத் தெரியவில்லையாம். நான் அவனைப் பார்த்ததைச் சொல்லவில்லை. ஏன் என்று... காலையில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

வெளியே யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். நான் குடிவந்ததிலிருந்து இந்தக் கதவை ஒருவரும் தட்டியதில்லை. இப்போது மெதுவாகத் தட்டுகிறார்கள்.

"அண்ணே, சாப்ட்டீங்களா?"