தலைகீழாகத் தொங்கிய தாய்மாமன்

கோவில்பதாகை,
4.6.2025

அன்புள்ள அக்கா மகள் யுவராணிக்கு,

ஆவடி வட்டாரத்தின் முடிசூடாச் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய வேம்புலி எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி மாமா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் தாளில். இந்தக் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

நேற்று ஆவடி ஏரியிலிருந்து நிலா சொட்டச் சொட்ட எழுந்து நம் வீட்டுக்கு வந்தது. வீடியோ இன்டர்வியூவாம், லேப்டாப் வேண்டுமாம். "உன்னைப் பற்றிச் சொல்" என்றதும், உன்னைப் போலவே திரையில் தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு உறைந்துவிட்டது. உன் அத்தையின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டி, "இதப் பாத்து பேசு நைனா" என்றேன். பேசியது பார், கூடமெல்லாம் வெளிச்சம்! இப்போது நைட் ஷிப்டில் இருக்கிறது.

உங்கள் வாசலில் லாரி ஹாரன் ஓயாது. அடுத்த வெள்ளிக்கிழமை உன் கிடங்குக் கம்பெனி இன்டர்வியூவுக்கு இங்கே வந்து பேசு. பின்னால் வெள்ளைத் திரை கட்டி வைக்கிறேன். நான் குறுக்கே வராமல் ஏரிக்கரைக்குப் போய்விடுவேன்.

உன் மாமன்,
வேம்புலி


நசரத்பேட்டை,
7.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நிலாவுக்கு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. எனக்குத்தான் இரண்டு இன்டர்வியூ போய்விட்டது. கேள்வி வந்ததும் வாய் ஒட்டிக்கொள்கிறது. இதுவும் போனால் காட்டுப்பாக்கம் துணிக்கடையில் பில் போட உட்காரச் சொல்கிறார் அம்மா. கிண்டல் வேண்டாம் மாமா, நிஜமாகவே பயமாக இருக்கிறது. வருகிறேன். பொட்டை மட்டும் எடுத்து வையுங்கள்.

யுவராணி


நசரத்பேட்டை,
21.6.2025

மாமா,

"அன்புள்ள" கிடையாது. அந்த வெள்ளைத் திரை, தம்பியின் காதுகுத்து பேனரைத் திருப்பிக் கட்டியது என்று ஏன் சொல்லவில்லை?

அந்தக் கிடங்குக் கம்பெனி மேடம் என்னைப் பற்றிக் கேட்டார். பொட்டையே பார்த்தேன். ஒரு சொல் வரவில்லை. அப்போது கயிற்றில் ஒரு கிளிப் அவிழ்ந்து, பேனரின் மூலை முன்பக்கம் மடிந்து விழுந்தது. என் தோளுக்கு மேலே கூலிங் கிளாஸோடு, கும்பிட்டபடி, தலைகீழாக நீங்கள்!

"பின்னாடி தொங்குறது யாரும்மா?"

"எங்க மாமா மேடம். தம்பி காதுகுத்துக்கு எரநூறு பேர்னு சொல்லிட்டு ஊரையே இட்டுகினு வந்தாரு. பந்தில ஒரே அடிதடி. நான்தான் டோக்கன் குடுத்து, லைன் கட்டி, அல்லாரையும் சாப்ட வெச்சேன்."

"எப்டி பண்ணீங்க?"

அப்புறம் என் பேச்சு நிற்கவே இல்லை. இன்று தகவல் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் மானம் போனது போனதுதான். கிளிப்பை அவிழ்த்தது யார்? உண்மையைச் சொல்லும்வரை உங்களோடு பேசமாட்டேன்.

யுவராணி


கோவில்பதாகை,
24.6.2025

அன்புள்ள அதிகாரி யுவராணி அம்மையாருக்கு,

அன்றைக்குக் கடற்கரையிலிருந்து ஒரு காற்று பஸ் பிடித்து வந்து, அம்பத்தூரில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டே நம் கூடத்துக்குள் நுழைந்தது. வீடு மெல்லத் தரையை விட்டுக் கிளம்பி ஏரிமேல் மிதந்தது. மீன்கள் ஜன்னலோரம் வரிசையாக நின்று உன் பேச்சைக் கேட்டன. நிலா பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. அந்த ஆட்டத்தில்தான் கிளிப் அவிழ்ந்திருக்கும். அத்தை கேட்டாலும் இதையே சொல்.

நீ மட்டும் இதில் எதையும் நம்பாதே. ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம். நான் ஏரிக்கரைக்குப் போகவில்லை. பேனருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். நீ வாயடைத்து உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை.

கிளிப் என் சட்டைப் பையில் இருக்கிறது.

உன் மாமன்,
வேம்புலி