நீட்டிய இடது கை

நெய்வேலி
1964 நவம்பர்

கர்த்தருக்குள் பிரியமான மகன் கிருபாகரனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எங்கள் சரீரத்துக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் சுகமில்லை, அதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது. பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். இங்கே மழை பிடித்துக்கொண்டது, குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் ஓதம், மைன்ஸில் தண்ணீர் இறைத்து மாளவில்லை என்று அப்பா இரண்டு ஷிப்ட் பார்க்கிறார். இதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். இனி எழுதப்போவதை உட்கார்ந்து வாசி.

நீ இங்கே இருந்தபோது பையன்களுக்காக ஆரம்பித்துவிட்டுப் போனாயே கேடகப் படை, காக்கி டவுசர், பச்சை ஸ்கார்ஃப், முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, விடியலில் ஜெபம் என்று, அதன் கேம்ப் காலாண்டு லீவில் முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரித் தோப்பில் நடந்தது. நீ போன பிறகு தெய்வசிகாமணி சார்தான் நடத்துகிறார். ரவையும் சர்க்கரையும் நான்தான் அளந்து கட்டிக் கொடுத்தேன், ஒரு பிடி வீணாகவில்லை. கடைசி நாள் பேட்ஜ் குத்துவதற்குச் சபைக் கமிட்டியில் மூத்தவர் என்று அப்பாவைக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். முடிச்சிலும் வேதவசனத்திலும் முதலாவதாக வந்தவன் யார் தெரியுமா, வடக்குத்து சாமியம்மாள் மகன் கொளஞ்சியப்பன். அவள் மைன்ஸில் கான்ட்ராக்டில் மண் சுமக்கிறவள். சபையில் சேராத வீட்டுப் பிள்ளை எதற்கு என்று பலர் முகம் சுளித்தபோது நீ வாதாடிச் சேர்த்தாயே, அவன்தான். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். வந்தான், விறைப்பாக சல்யூட் அடித்தான், நீ கற்றுக்கொடுத்தபடியே கைகுலுக்க அப்பாவுக்கு இடது கையை நீட்டினான். அப்பா ஓங்கி அறைந்துவிட்டார். யாருகிட்டடா பீச்சாங்கைய நீட்டற என்று தோப்பே அதிரக் கத்தினார். பையன் அழவில்லை, நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றான். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள், நம் பிளாக் இன்ஜினியர் வீட்டுப் பையன் உள்பட, ஒவ்வொருவராக வந்து வலது கையை நீட்டிப் பேட்ஜ் குத்திக்கொண்டு போனார்கள். அத்தனை பேரும் நீ கற்றுக்கொடுத்த பிள்ளைகள்தான்.

கேடகம் பிடிக்கிற கை இடது கை, அதைக் கீழே வைத்தால்தான் அந்தக் கையை நீட்ட முடியும், உன்னிடம் எனக்குப் பயமில்லை, நீ என் சகோதரன் என்று அதற்கு அர்த்தமாம். எல்லாம் முடிந்த பிறகு சார் எனக்குச் சொல்கிறார். இதை முன்னாலேயே உன் அப்பாவிடம் சொல்லக் கூடாதா என்றால், ஐயாவுக்கு நான் எப்படிம்மா எடுத்துச் சொல்றது, கிருபா சொல்லியிருப்பாருன்னு இருந்துட்டேன் என்கிறார். நீ சொன்னாயா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தாய், பெற்ற தகப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்த இடது கை வேறே. குள்ளஞ்சாவடிப் பக்கம் உன் தாத்தாவுக்கு ஆண்டை இடது கையால்தான் கூலியை விட்டெறிவாராம், இவர்தான் சின்னப் பையனாகப் பொறுக்கிக் கொடுத்தாராம். எங்கப்பனுக்கு கூலி வுட்டெறிஞ்ச கைடி, அது என் நெஞ்சுக்கு நேரா வருது, நான் என்னான்னு நெனைப்பேன் என்றார். இத்தனை காலம் கூட வாழ்ந்தும் இதை இப்போதுதான் கேட்கிறேன். அந்த வலி தெரிந்த நீங்களே போய் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள் என்றேன். போடி, உன் வேலையப் பாத்துகினு கெட என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இராப்போஜன அப்பமும் எடுத்தார். பக்கத்தில் முழங்காலிட எனக்குத்தான் மனம் வரவில்லை.

நானே வடக்குத்துக்குப் போனேன். சாமியம்மாள் என்னைப் பார்த்ததும் பதறிப்போய், ஐயாவுக்கே பீச்சாங்கைய நீட்டிட்டான்னு சொன்னாங்கம்மா, நானும் வெளக்குமாத்தால நாலு போட்டேன், உங்க புள்ள கத்துக் குடுத்ததுன்னு கத்தினான், எந்தப் பெரிய மனுசரு இதப் போயி கத்துக் குடுப்பாருன்னு இன்னும் ரெண்டு போட்டேன் என்றாள். பேசிக்கொண்டே, அவன் கழுத்தில் கட்டியிருந்த பச்சை ஸ்கார்ஃபைப் பிடிதுணியாகச் சுற்றித்தான் சோற்றுப் பானையை இறக்கினாள். பையன் வாசலில் நின்றான். நான் ஜென்மத்தில் யாருக்கும் இடது கையால் ஒன்று கொடுத்ததில்லை, அன்றைக்கு அவனுக்கு நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான், அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் கூப்பி, தலையைக் குனிந்து, வணக்கங்கம்மா என்றான். கான்ட்ராக்டர் ஜீப் வந்தால் கூலிக்காரர்கள் நிற்பார்களே, அப்படி. சகோதரன் என்று சொல்லக் கற்ற பிள்ளைக்குக் கும்பிடக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், நீயும் உன் அப்பாவும் சேர்ந்து.

அவனுக்குக் குத்த வேண்டிய பேட்ஜ் இன்னும் அப்பா சட்டைப்பையில்தான் இருக்கிறது. துவைக்கும்போதெல்லாம் எடுக்கிறேன், காய்ந்ததும் திரும்பவும் அதிலேயே போடுகிறேன். நீ கடிதம் எழுதிச் சமாதானம் செய்துவிடலாம் என்று நினைக்காதே, காகிதத்துக்குக் கை கிடையாது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறாய் அல்லவா, பண்ருட்டி பஸ்ஸில் வந்தால் வடக்குத்து முதலில் வரும், நம் வீடு அதற்குப் பிறகுதான். அங்கே இறங்கு. அவன் நீட்டுகிற வரைக்கும் உன் கையை நீட்டிக்கொண்டு நில். பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, உன் அப்பா எந்தக் கையால் கதவைத் திறக்கிறார் என்று பார்ப்போம். நீ வரும் வழியெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னே நடக்கட்டும். ரயிலில் தலையில் துணி சுற்றிக்கொள். மறந்துவிடாதே, முதலில் வடக்குத்து.

உனக்காக ஜெபிக்கிற அம்மா
ஞானசுந்தரி