சமாதானம் சொன்னதும் சாட்சி சொன்னதும்

சேசு மரி சூசை

லிங்கராஜபுரம், பெங்களூரு

என் செல்ல மகள் ஜூடித்துக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் முன்னே பின்னே. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கிற போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய், நான் ஊமை மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதில் உனக்கும் ஆறுதல் இல்லை எனக்கும் இல்லை. கடைசியாகப் பேசினபோது, ஏம்ப்பா அவனுக்குப் போய் கை குடுத்தீங்க என்று கேட்டுவிட்டு வைத்தவள்தான் நீ, அப்புறம் குழந்தையின் போட்டோ வருகிறது, உன் குரல் வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதில் தெரியாமல் இருந்தேன், இப்போது எழுதுகிறேன்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. மாடியில் குடியிருப்பவர்கள் தண்ணீர் மோட்டாரை மறந்துவிட்டுத் தொட்டி வழிகிறது, நானே போய் ஸ்விட்சை அணைக்கிறேன், திட்டக்கூடத் தோன்றவில்லை. கடையைத் திறந்துவிட்டேன். ஃபேனும் மிக்ஸியும் மோட்டார் காயில் கட்ட வருகின்றன, கை பாட்டுக்கு வேலை செய்கிறது. அம்மாவின் புடவைகளை எடுத்துக் கொடுத்துவிடு என்று உன் சித்தி சொல்கிறாள், சரி என்கிறேன், பீரோவைத் திறப்பதில்லை. அழுதுவிடுங்க மாமா, அடக்கி வச்சா மார்ல அடைச்சுக்கும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வந்தால் அழ மாட்டேனா, வராத அழுகையை எங்கிருந்து கொண்டுவருவது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. காய்கறிக் கடையில் இருந்து நானும் அம்மாவும் வெளியே வந்தோம். நடைபாதையைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அதனால் ரோட்டோரம் இறங்கி நின்றோம். தண்ணீர் லாரி போகட்டும் என்று நின்றாள் அம்மா, நிற்கத்தான் நின்றாள், ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. டிரேவர் அந்த லாரியை இடது பக்கமாக முந்திக்கொண்டு எங்களுக்கும் லாரிக்கும் நடுவே பைக்கில் வந்தான், ஒரு கையில் போன். அவ்வளவுதான். நான் கத்துவதற்குள் அம்மா கீழே கிடந்தாள்.

அவன் யாரோ எவனோ இல்லை என்பதுதான் நம் தலையெழுத்து. அவன் அம்மா ஐரின்தானே நம் தெரு அன்பிய ஜெபக் குழுவுக்குத் தலைவி, வாராவாரம் ஒவ்வொரு வீடாக ஜெபம் நடத்துகிறவள், உன் கல்யாணத்துக்கு விடிய விடியப் பூக் கட்டினவள். அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் எழுந்து கோயிலின் நடுவே நடந்து போய் டிரேவரின் இரண்டு கையையும் பிடித்துச் சமாதானம் என்றேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்கே அப்போது தெரியாது, கால் போயிற்று. அவன் விக்கி விக்கி அழுதான். கோயிலே அழுதது, நான்தான் அழவில்லை.

அதோடு தெருவில் எல்லோரும் கேஸ் முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன். கோயிலில் ஊரறியக் கை கொடுத்த பிறகு கோர்ட்டுக்கு என்ன வேலை என்று இருந்தேன். சம்மன் வந்தபோது, நம்ம கேஸ்தான் ராஜி ஆயிடுச்சே சார் என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நீவே முக்ய சாட்சி, பர்லேபேக்கு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான்தான் முக்கிய சாட்சியாம், வந்தே ஆக வேண்டுமாம்.

அன்று சாயங்காலமே ஐரின் வந்தாள். அடுப்படியில் அம்மா நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். அண்ணா, நீங்க மன்னிச்ச புண்ணியத்துலதான் அவன் சோறு திங்கறான், கோர்ட்டுல ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க, அக்கா திடீர்னு ரோட்ட க்ராஸ் பண்ணிட்டாங்கன்னு, எங்க வக்கீல் அது போதும்னு சொல்றாரு, போனவங்க திரும்பியா வரப்போறாங்க, இருக்கறவனப் பாருங்கண்ணா என்றாள். அவள் கெட்டவள் இல்லை, பெற்ற வயிறு. நான் பார்க்கலாம் ஐரின் என்றேன். அப்போது என்னிடம் என்ன கேட்டிருந்தாலும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் அன்பியத்தில் இருந்து ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். நம் தெருவில் இத்தனை வக்கீல்கள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. கை குடுத்தவர் வார்த்த மாறலாமா என்றார் கிளிஃபர்ட். கண் சரியாத் தெரியலன்னு சொல்லிடுங்க, வயசானவர யார் கேக்கப்போறாங்க என்றான் இன்னொருவன். காயிலில் முடி போல இருக்கிற கம்பியைச் சுற்றுகிற கண் எனக்கு.

நிஜ வக்கீலிடம் கேட்போம் என்று கோர்ட்டில் இருக்கிற இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். ஆலோசனை யார் போய் வேண்டுமானாலும் கேட்கலாமாம், இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து எனக்குத் தெரியாது. ஸ்ரீலக்ஷ்மி என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், நல்ல தமிழ் பேசினாள். அங்கிள், நீங்க மன்னிச்சது உங்க மனசு, அத யாரும் தப்பு சொல்ல முடியாது, ஆனா ஒரு உயிர் போன கேஸ நடத்தறது கவர்ன்மெண்ட், நீங்க கை குடுத்தா அது முடியாது, வாபஸ் வாங்கறதுக்கு அது உங்களோடது இல்ல என்றாள். சம்மன் வந்து போகாவிட்டால் வாரண்ட் வரும், பார்த்ததை மாற்றிச் சொன்னால் பொய்ச் சாட்சி என்று அது தனிக் குற்றம், நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரனும் அதையே பிடித்துக்கொண்டு இறந்தவர்மேல்தான் தப்பு என்பான் என்று பொறுமையாகச் சொன்னாள். மன்னித்ததைச் சொல்ல இடமே இல்லையாம்மா என்று கேட்டேன். இருக்கு அங்கிள், குற்றம்னு முடிவாகி தண்டனை பத்தி யோசிக்கறப்ப சொல்லலாம், ஜட்ஜ் அதக் கேப்பார், முதல்ல நடந்தது நடந்த மாதிரி வரணும் என்றாள். இந்த வழிமுறையை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உனக்கும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உபயோகப்படும்.

அப்படியும் கோர்ட்டுக்குப் போகும் வரை மனது ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையன் பிழைத்துப் போவான், அம்மாவுக்கு இனி என்ன வந்துவிடப்போகிறது என்று ஒரு பக்கம். சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு லாரி போகட்டும் என்று ஒழுங்காக நின்றவளை, பார்க்காமல் ஓடி விழுந்தவள் என்று நானே சொல்வதா என்று இன்னொரு பக்கம். இதில் எந்தப் பக்கமும் வலிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மரத்துப்போன கையில் கரண்ட் அடித்தாலும் தெரியாது பார், அந்த மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை மேயோ ஹால் கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். ஐரின் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள், டிரேவர் சுவரோரம் நின்றிருந்தான், இளைத்துவிட்டான். சர்க்கார் வக்கீல் கேட்க, நான் உனக்கு மேலே எழுதினபடியே சொன்னேன், ஒன்று கூட்டவில்லை குறைக்கவில்லை. அப்புறம் அவர்கள் வக்கீல் எழுந்தார். கோயிலில் எல்லோர் முன்னாலும் போய் என் கட்சிக்காரர் கையைப் பிடித்து மன்னித்தீர்களா இல்லையா என்று கன்னடத்தில் கேட்டார். மன்னித்தேன் என்றேன். ஏன் மன்னித்தீர்கள், தப்பு உங்கள் மனைவிமேல்தான், அவர்தான் குறுக்கே ஓடினார், அது உங்களுக்குத் தெரியும், அதனால்தானே கை கொடுத்தீர்கள் என்றார்.

ஜூடித், நான் கொடுத்த கையையே எடுத்து என் ஜோசஃபினை அடித்தது போல இருந்தது. அப்போதுதான் வலித்தது. இத்தனை மாதம் எங்கே இருந்ததோ அத்தனையும் அங்கே வந்தது. எனக்குக் கன்னடம் போய்விட்டது, தமிழிலேயே சொன்னேன். அவன் தப்பு செய்யலன்னா நான் எதுக்கு சார் அவன மன்னிக்கணும், அவ நின்னுக்கிட்டு இருந்தா, அவன்தான் வந்து இடிச்சான், அதனாலதான் மன்னிச்சேன் என்றேன். யாரோ அதைக் கன்னடத்தில் ஜட்ஜுக்குச் சொன்னார்கள். வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன், பக்கத்துப் பேக்கரிக்காரர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இந்த வாரம் அன்பிய ஜெபத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஐரின் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறாள். இருக்கட்டும். தீர்ப்பு எப்போது வரும் என்று தெரியாது. தண்டனை பற்றிப் பேசுகிற நாள் வந்தால் அன்றைக்கும் போவேன், என்னைக் கூண்டில் ஏறச் சொன்னால், இந்தப் பையனை நான் மன்னித்துவிட்டேன், குறைத்துப் போடுங்கள் ஐயா என்று கேட்பேன். அதற்கும் நீ கோபப்படலாம், ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே.

வருஷப் பூசைக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை, டிக்கெட்டைக் கடைசி நிமிஷத்தில் பார்க்காதே. குழந்தைக்குத் தமிழில் பேசு. ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்கள், உன் அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். இதைப் படித்ததும் போன் செய். நீ அழுதால் பரவாயில்லை, இப்போது நானும் சேர்ந்து அழுவேன்.

உன் அன்பு அப்பா,
மதலைமுத்து