தட்டை மூடி

1955 பிப்ரவரி 8, நாகர்கோவில்

பேறுகால நர்ஸ் ராகேல் சிஸ்டரின் பாத்திரம் இன்று கடலோர ஊரான இனயத்துக்குப் போய்விட்டது. பிரசவம் பார்க்கும் வீடுகளில் கத்திரி, நூல், துணியெல்லாம் ஆவி அழுத்தத்தில் கிருமி போக அவித்தெடுக்க, எவர்சில்வரில் செய்ய நான் வரைந்துகொடுத்தது. பழையது இருபத்தெட்டு ராத்தல் கனம். அதைச் சுமந்து கடற்கரை மணலில் நடந்தே அவளுக்குத் தோள்வலி. இது பதினொன்றுதான். ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

தண்ணீர் நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை மட்டும் பாக்கி. பம்பின் தோல் வாஷர் கிழிந்து கிடக்கிறது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

பிப்ரவரி 10

மனம் ஒரு நிலையில் இல்லை. ஏன்?

பிப்ரவரி 11

கண்டுபிடித்துவிட்டேன். அழுத்தக் கலன்களுக்கான தரவிதிப் புத்தகத்தைப் பார்த்து நான் கணக்குப் போட்டது, கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்த மூடிக்கு. வெல்டர் ஜெபதாஸ் அன்று, "வளைக்க அச்சு இல்ல சாரே, தட்டையா வெட்டட்டா?" என்றார். சரி என்றேன். ஒரே வார்த்தை. தகட்டின் தடிமனைக் கூட்டச் சொல்லவில்லை. தட்டை மூடிக்கு அந்தத் தடிமன் போதவே போதாது — பல மடங்கு வேண்டும்.

ராகேல் அதுக்கு முன்னால குனிஞ்சு நிப்பாளே! முதல் பஸ் எத்தனை மணிக்கு?

பிப்ரவரி 12

இனயம். குடிசைக்குள் ஒரு பெண் பிரசவ வலியில். முற்றத்தில் ராகேல் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் சிஸ்டர், இறக்குங்க!" கணக்கில் பிழை, என் பிழை என்றேன்.

"ரெண்டு தரம் அவிச்சாச்சே. சோதிச்சியளா இல்லியா?"

"இல்லை."

"பின்ன எந்தத் தைரியத்துல என் கையில தந்திய?"

கத்திரியையும் நூலையும் திறந்த பானையில் போட்டுக் கொதிக்கவைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் பாத்திரத்தோடு கிளம்பினேன்.

பிப்ரவரி 15

பம்பைச் சரிசெய்து சோதித்தோம். அவிப்பது சதுர அங்குலத்துக்குப் பதினைந்து ராத்தல் அழுத்தத்தில், சோதனை முப்பதுக்கு. பத்தொன்பதிலேயே மூடி உப்பி, பிடி நழுவி, தண்ணீர் சுவரில் பீச்சியடித்தது. "கர்த்தாவே" என்று ஜெபதாஸ் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் என்பதால் நனைந்ததோடு போயிற்று. ஆவியாக இருந்தால்?

மார்ச் 1

புளியங்கட்டையில் குழி செதுக்கி, அதில் வைத்து மூடியை அடித்து வளைக்கிறார் ஜெபதாஸ். இரண்டு மூடிகள் விரிசல் விட்டன. மூன்றாவது தேறும்போல.

மார்ச் 9

ராகேல் பட்டறைக்கே வந்தாள். மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அழுத்தமானிக்கு எதிரே போய் நின்றுகொண்டாள். முப்பது ராத்தல். முள் அசையவில்லை.

"அரை மணி ஆயாச்சு," என்றாள் கைக்கடிகாரத்தைப் பார்த்து. சோதனைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதன் கீழே தன் பெயரையும் எழுதினாள்.