ஊரே திட்டின படத்தைப் போட்டோம், அண்ணா

என் செல்ல அண்ணா,

அங்கே தியேட்டர் இருக்கா? இருந்தால் இந்நேரம் பக்கத்து இருக்கைக்காரரோடு ஒரு சண்டை போட்டு முடித்திருப்பீர்கள். உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: வாரம் முழுக்க காப்புறுதி அலுவலகம், சனி ஞாயிறானால் சினிமா விமர்சனம். அதுதான் என் அண்ணன்.

ஊரே விசில் அடித்த படத்தில் உங்களுக்கு மட்டும் கொட்டாவி வரும். அம்மாவை அதட்டுகிறவன் எப்படி நல்ல கதாநாயகன் ஆவான் என்று நீங்கள் எழுதிய மறுநாள், நம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மீன்கடை ரஹீம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்களுக்கு இன்னைக்கு மீன் இல்ல, தம்பி." அவர் அந்த நடிகரின் பரம ரசிகர்.

உங்களுக்குக் கோபமே வரவில்லை. அவரையே கூட்டிக்கொண்டு அந்தப் படத்துக்கு மறுபடி போனீர்கள். வெளியே வந்தவர், "படம் எனக்கு இன்னும் பிடிக்குது லா. ஆனா அம்மா சீன்ல உங்க ஞாபகம் வந்து கெடுத்துருச்சு" என்றார். அதற்கப்புறம் நல்ல மீன் வந்தால் உங்களுக்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு.

இன்னொரு படம் வந்ததே, கடைசியில் வில்லனை அடிக்காமல் "போதும்டா" என்று சொல்லிவிட்டுக் கதாநாயகன் வீட்டுக்கு நடந்துபோவானே, அது? ஒரு வாரம்கூட ஓடவில்லை. தியேட்டரில் கடைசிவரை இருந்தது நாம் இரண்டு பேர்தான். நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள்.

"யாருக்குண்ணா கைதட்டுறீங்க? திரைக்குக் காது கேக்காது."

"எனக்குக் கேக்குதுல்ல" என்றீர்கள். ஊரே திட்டியும் அந்தப் படத்தைப் பாராட்டி எழுதினீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போனபிறகு யாழினி படம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அப்பாவும் மகளும் அப்படிப் பேசுவீர்களே, இப்போது நான் சினிமா பேச்சை எடுத்தால் எழுந்து அறைக்குள் போய்விடுவாள். அண்ணி சிரித்தும் பல மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் திடீரென்று, "அவருக்காக அந்தப் படத்தைப் போடலாமா, செல்வி?" என்றார்.

"எல்லாரும் திட்டின படத்தையா? ஆள் வரமாட்டாங்க அண்ணி."

"வராட்டி நாம பாப்போம்."

சென்னையில் இருக்கும் தயாரிப்பாளரைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்டோம். "சிங்கப்பூர்ல இதை யாரும்மா கேக்குறாங்க?" என்றவர் உடனே அனுமதி கொடுத்தார்.

புக்கிட் பாத்தோக் சமூக மன்றத்தில் போன சனிக்கிழமை மத்தியானம் போட்டோம். கூட்டத்தைப் பார்த்து எனக்கே நம்பமுடியவில்லை. பாதிப்பேர் கிண்டல் பண்ணத்தான் வந்திருந்தார்கள். சோகக் காட்சியில் சிரித்தார்கள். உங்களைப் பார்த்தே சிரிப்பதுபோல இருந்தது எனக்கு. ஆனால் அவன் வீட்டுக்கு நடந்துபோன அந்தக் கடைசி நேரத்தில் யாரும் அசையவில்லை.

விளக்குப் போட்டதும் ஆரம்பித்தது சண்டை. "ஒரு அடிகூடவா அடிக்கக்கூடாது?" என்று ரஹீம் பாய் எழுந்தார். "அடிச்சா அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா. யாழினி கையைத் தூக்கியதை நான் கவனிக்கவே இல்லை.

"அப்பா எழுதினது தப்பு" என்றாள். "அவன் நல்லவன்னு அப்பா சொல்வாரு. ஆனா அவனைச் சண்டைக்குப் போகவேணாம்னு சொன்னது அவன் பொண்டாட்டி. உண்மையான ஹீரோ அவங்கதான். அப்பா அவங்களைப் பத்தி ஒரு வரிகூட எழுதல!"

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார், அண்ணா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இவ அவரேதான்" என்றார்.

அவள் சொன்னது சரியா? நீங்கள் இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை புதுப்படம் வருகிறது. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள் உங்கள் மகள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் போவேன். எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். அவளோடு வீடு வந்து சேரும்வரை சண்டை போடுவேன், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எதற்கும் சட்டென்று உங்களோடு ஒத்துப்போகாத
உங்கள் தங்கச்சி,
செல்வி